எதிர்பாராத் துன்பமும் இறைநம்பிக்கையும்



மனித வாழ்க்கையைக் கடற்பயணத்துக்கு ஒப்பிட்டுப் பேசுவது பெரியோர் வழக்கம். காற்றின் போக்கும் கடலின் நிறமும் அறிந்த மீனவர்கூடச் சில வேளைகளில் நடுக்கடலில் புயலில் சிக்கிக் கொள்கிறார்கள். நம் வாழ்விலும் அப்படித்தான். தேர்வுக்குக் கால அட்டவணை உண்டு. மழைக்குப் பருவம் உண்டு. திருவிழாவுக்கு நாள் குறித்துக் கொடியேற்றம் உண்டு. துன்பத்துக்கு மட்டும் நாளும் இல்லை, கிழமையும் இல்லை. அது அழையா விருந்தாளியாக வந்து வீட்டின் நடுவில் உட்கார்ந்து கொள்கிறது. அந்த வேளையில், "கடவுளை நம்பு" என்று நாம் பிறருக்குச் சொல்கிறோம். பிறரும் நமக்குச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் உண்மையான பொருள் என்ன? இதைப் பற்றி நாங்கள் சிந்திக்க நேர்ந்தது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை சாலை விபத்தில் காலமானார். காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் மாலையில் வீடு திரும்பவில்லை. செய்தி கேட்டு வகுப்பே கலங்கியது. அடக்கத்துக்குப் பின் நாங்கள் பத்துப் பேர் அவள் வீட்டுக்குச் சென்றோம். சும்மா இருக்க எங்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி, "இது கடவுளின் சித்தம்" என்றாள். மற்றொருத்தி, "கடவுள் தமக்குப் பிரியமானவர்களையே சோதிக்கிறார்" என்றாள். இன்னொருத்தி, "உன் வீட்டில் தினமும் செபமாலை சொல்வதுண்டா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். தோழி ஒரு சொல்லும் பேசவில்லை. பள்ளிக்குத் திரும்பிய பிறகு, மதிய இடைவேளையில் வழக்கமாகச் சிற்றாலயத்துக்கு வருபவள் வருவதை நிறுத்திவிட்டாள். "அவள் விசுவாசத்தை இழந்துவிட்டாள்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் மறைக்கல்வி ஆசிரியையான அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "யோபு ஆகமத்தை முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள். அதில் நீங்கள் யார் என்று பிறகு எனக்குச் சொல்லுங்கள்" என்றார்கள். நாற்பத்திரண்டு அதிகாரங்களையும் வாசித்து முடித்த அன்று எங்கள் முகங்கள் வாடிப்போயின. அந்த நூலில் நாங்கள் யோபு அல்லர், யோபுவின் நண்பர்கள்! அதன்பின் நாங்கள் கற்றறிந்தவற்றையே இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

துன்பம் தண்டனையா?

ஊசு என்னும் நாட்டில் யோபு என்ற நேர்மையாளர் வாழ்ந்தார். ஏழு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், ஐந்நூறு ஏர்மாடுகள், ஐந்நூறு கழுதைகள். அத்தனை செல்வமும் ஒரே நாளில் அழிந்தது. ஒரு தூதன் தீய செய்தியைச் சொல்லி முடிக்குமுன் அடுத்தவன் வந்து நின்றான். இறுதியில் பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்து பத்துப் பிள்ளைகளும் மாண்டனர். பிறகு உடல் முழுவதும் புண். பட்ட காலிலே படும் என்னும் பழமொழிக்கு இவரைவிடச் சான்று வேறெங்கே தேடுவது?

எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். தொலைவிலிருந்து நடந்து வந்தவர்கள். நண்பரின் கோலத்தைக் கண்டு ஓவென்று அழுதவர்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவர்கள். அதுவரை அவர்கள் செய்தது சரியே. வாய் திறந்த பிறகுதான் வினை தொடங்கியது. "கடவுள் நீதியுள்ளவர், நீ துன்புறுகிறாய், ஆகவே நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். கணக்குப் போல எளிமையான வாதம்; ஆனால் விடை தவறு. நூலின் முடிவில் கடவுளே அந்த நண்பர்கள்மீது சினங்கொண்டு, அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்களைக் கடவுள் கண்டிக்கிறார். கடவுளோடு வாதாடிய யோபுவையோ ஏற்றுக்கொள்கிறார். இது நம்மை எவ்வளவு சிந்திக்க வைக்கிறது!

நம் ஆண்டவர் இயேசுவும் இதே தவறான எண்ணத்தைத் திருத்தினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனா இவன் பெற்றோரா என்று கேட்டபோது, இருவருமே அல்லர் என்று விடையளித்தார். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ண வேண்டாம் என்று எச்சரித்தார்.

இந்த எச்சரிக்கை நம் நாட்டுக்கும் பொருந்தும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைத் தாக்கியதை நாம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பிழைத்தவர்கள் நன்றி செலுத்தினார்கள், அது முறையே. ஆனால், பிழைத்தவர்கள் பக்தியுள்ளவர்கள், மாண்டவர்கள் பக்தியற்றவர்கள் என்று எவராவது சொல்லத் துணியலாமா? மாண்டவர்களும் அதே அன்னையைத் தேடி நெடுந்தொலைவு வந்தவர்கள்தாமே! துன்பத்தை அளவுகோலாக வைத்து ஒருவருடைய பக்தியை அளக்கும் உரிமை நமக்கு இல்லை. எங்கள் தோழியின் வீட்டில் செபமாலையைப் பற்றிக் கேட்ட கேள்வி எவ்வளவு கொடியது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அழுவது அவநம்பிக்கையா?

"அழாதே, கடவுள்மேல் நம்பிக்கை வை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அழுகையும் நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்துக்கொள்வதால் வரும் பேச்சு அது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

விவிலியத்தைத் திறந்து பாருங்கள். திருப்பாடல்கள் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. ஏன் கைவிட்டீர், எவ்வளவு காலம் மறந்திருப்பீர் என்று கடவுளைப் பார்த்துக் கேட்கும் பாடல்கள் அவை. எண்பத்தெட்டாம் திருப்பாடல் ஆறுதல் சொல் ஒன்றுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் செபப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. குருக்களும் கன்னியரும் இன்றும் அதைச் செபிக்கிறார்கள். யோபுவும் தாம் பிறந்த நாளைச் சபித்தார். நகோமி என்ற பெண்மணி பஞ்சம் பிழைக்க மோவாபு நாட்டுக்குச் சென்று, அங்கே கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துப் பெத்லகேமுக்குத் திரும்பியபோது, தம்மை இனி மாரா என்று அழைக்கும்படி ஊர்ப் பெண்களிடம் சொன்னார். மாரா என்றால் கசப்பு என்று பொருள்.

இவர்கள் எல்லாரும் இருக்கட்டும். நம் ஆண்டவரே இலாசரின் கல்லறை அருகில் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறவர் அவர், ஆயினும் அழுதார். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று மன்றாடினார். சிலுவையில் தொங்கியபோது, கைவிடப்பட்டவரின் திருப்பாடலையே உரக்கச் சொன்னார்.

தன்னைப் பெற்ற தாயிடம்தான் பிள்ளை கோபித்துக்கொள்ளும். தெருவில் போகிறவர்களிடம் கோபித்துக்கொள்வதில்லை. கடவுளிடம் முறையிடுகிறவள் கடவுளை விட்டு விலகவில்லை. அவரைத் தன் தந்தையாகக் கருதுவதால்தான் முறையிடுகிறாள். விசுவாசத்துக்கு உண்மையான ஆபத்து கண்ணீரால் வருவதில்லை. கடவுளோடு பேசுவதற்கு இனி ஒன்றுமே இல்லை என்று மனம் கல்லாகிப் போவதால் வருகிறது.

விளக்கம் கிடைக்குமா?

துன்புறுகிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி, "ஏன்?" என்பது. யோபுவும் அதைத்தான் கேட்டார். கடைசியில் கடவுள் சூறாவளியினின்று பேசினார். ஆனால் யோபுவின் கேள்விக்கு அவர் காரணம் எதையும் கூறவில்லை! மண்ணுலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய், கடலுக்குக் கதவிட்டு அடைத்தவர் யார், காட்டுக் கழுதைக்கு விடுதலை கொடுத்தவர் யார் என்று அவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். முதலில் வாசித்தபோது இது எங்களுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. மறுமுறை வாசித்தபோது ஒன்று விளங்கியது. யோபு விளக்கத்தைக் கேட்டார். கடவுளோ தம்மையே தந்தார். அதுவரை கடவுளைப் பற்றிக் காதால் மட்டும் கேட்டறிந்திருந்த யோபு, இப்போது அவரை நேரில் கண்டுகொண்டதாக உணர்கிறார். காரணம் தெரியாமலேயே அவர் மனம் அமைதி அடைந்தது.

நம் அன்னை மரியாளின் வாழ்வும் இப்படிப்பட்டதே. வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன நாளில், தொழுவத்தில் பிள்ளை பெறுவாய் என்றோ, கைக்குழந்தையுடன் எகிப்துக்கு ஓடுவாய் என்றோ அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசுவை மூன்று நாள் தேடி ஆலயத்தில் கண்டபோது, மகன் சொன்ன பதிலும் பெற்றோருக்கு விளங்கவில்லை என்று லூக்கா நற்செய்தி வெளிப்படையாகக் கூறுகிறது. தேவதாய்க்கே விளங்காதவை இருந்தன! விளங்காததை அவர் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். சிலுவையின் அடிவரை மகனோடு நடந்தார். ஆகவே நம்பிக்கை என்பது எல்லாவற்றுக்கும் விடை தெரிந்து வைத்திருப்பது அன்று. விடை தெரியாத வேளையிலும் கையை விடாமல் பற்றியிருப்பதே நம்பிக்கை.

மேலும் ஒன்று. இயேசு உடனிருந்தால் புயலே வராது என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது. கலிலேயாக் கடலில் புயலில் சிக்கிய படகில் அவர் இருந்தார், தூங்கிக்கொண்டும் இருந்தார். கொரோனாப் பெருந்தொற்று உலகை வாட்டிய 2020ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் மாலை, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று செபித்த திருத்தந்தை பிரான்சிஸ், அந்தப் புயல் நிகழ்ச்சியைப் பற்றித்தான் சிந்தனை வழங்கினார். நாம் அனைவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்பதை அன்று உலகம் உணர்ந்தது.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

யோபுவின் வரலாறு நம் நாட்டு மனிதர் ஒருவருடைய வாழ்வையே மாற்றியது. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் அவர் மனம் சோர்ந்திருந்தார். 1741இல் நடந்த குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையிலேயே தளபதியான டி லனாய் அவருக்கு நண்பர். அவர்தான் யோபுவின் கதையை நீலகண்டருக்கு எடுத்துரைத்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்டர் தேவசகாயம் ஆனார்.

கிறிஸ்தவர் ஆனதும் அவருடைய துன்பங்கள் தீர்ந்தனவா? இல்லை, பெருகின. 1749இல் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலை அணிவித்து எருமையின்மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுக் கொடுமைகளுக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. கடவுளை நம்பினால் இழந்த செல்வம் திரும்பி வரும் என்ற கணக்கில் அவர் கிறிஸ்துவிடம் வரவில்லை என்பதற்கு அவருடைய இறுதி நாட்களே சாட்சி.

நாம் அன்போடு சிறுமலர் என்று அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாளை எடுத்துக்கொள்வோம். படங்களில் ரோசா மலர்களோடு புன்னகைக்கும் அவரைக் கண்டு, அவருடைய வாழ்வே மலர்ப்படுக்கை என்று நாம் நினைத்துவிடுகிறோம். நான்கு வயதில் தாயை இழந்தவர் அவர். பதினைந்து வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்த மறு ஆண்டே, அவருடைய அன்புத் தந்தை மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் முதல்முறையாக இரத்தம் கக்கினார், காசநோய். அந்தப் பாஸ்குக் காலத்திலேயே அவருடைய உள்ளத்திலும் இருள் சூழ்ந்தது. மோட்சம் என்ற ஒன்று உண்டா என்னும் எண்ணமே அவரை வாட்டியது. 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்கு வயதில் இறக்கும்வரை அந்த இருள் விலகவில்லை. ஆயினும் அவர் செபத்தை விடவில்லை. தம் பராமரிப்பில் இருந்த நவகன்னியரிடம் புன்னகையோடு பேசுவதை விடவில்லை. உணர்வு வற்றிய இடத்திலும் உறுதி நிற்கலாம் என்பதை இந்த இளம் துறவி நமக்குக் காட்டுகிறார். இவரையே திருச்சபை 1997இல் மறைவல்லுநராக அறிவித்தது.

வியட்நாம் நாட்டு ஆயர் பிரான்சிஸ் சேவியர் வான் துவான் நம் காலத்துக்கு நெருக்கமானவர். 1975 ஏப்ரலில் சைகோனின் இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார். சில நாட்களில் அந்நகரம் கம்யூனிஸ்டுகள் வசமாயிற்று. ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புத் திருவிழா அன்று, அவர் கைது செய்யப்பட்டார். பதின்மூன்று ஆண்டுச் சிறைவாசத்தில் ஒன்பது ஆண்டுகள் தனிச்சிறை. வயிற்றுக்கு மருந்து என்ற பெயரில் வெளியிலிருந்து வந்த சிறிது திராட்சை இரசத்தில் மூன்று துளியும், தண்ணீரில் ஒரு துளியும் உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி நிறைவேற்றினார்.

தனிச்சிறையில் அவரை மிகவும் வாட்டியது பசியன்று. "நாற்பத்தெட்டு வயது, உடலில் வலிமை, செய்ய வேண்டிய பணிகள் எத்தனையோ, நானோ இங்கே வீணாகிக் கிடக்கிறேனே!" என்னும் வேதனையே அவரை வாட்டியது. ஓர் இரவில் அவருடைய உள்ளத்தில் தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காகச் செய்யும் பணிகள் வேறு; பணிகளைப் பறித்தாலும் கடவுளைப் பறிக்க இயலாது என்று உணர்ந்தார். அன்று முதல் அவருக்கு அமைதி உண்டாயிற்று. 1988 நவம்பர் 21, அன்னை மரியாளைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், விடுதலை பெற்றார். 2001இல் கர்தினாலாகி, அடுத்த ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

கையைக் கட்டிக்கொண்டிருப்பதா?

"எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவதுதான் நம்பிக்கை என்று சிலர் எண்ணுகிறார்கள். தேவ பராமரிப்பைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவது சரியன்று. கோயில் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்று இயேசு மறுத்தார். ஏரோது குழந்தையைத் தேடுகிறான் என்று கனவில் அறிந்த சூசையப்பர், கடவுள் காப்பார் என்று திரும்பிப் படுத்துக்கொள்ளவில்லை; அந்த இரவிலேயே எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

நகோமியின் மருமகள் ரூத்தும் அப்படியே. மாமியாரைத் தனியே விட மனமின்றி அந்நிய நாட்டுக்கு வந்தவர், வெயிலில் வயலுக்குச் சென்று அறுவடைக்காரர் விட்டுச்சென்ற கதிர்களைப் பொறுக்கிக் கஞ்சிக்கு வழி செய்தார். அந்த உழைப்பின் வழியாகவே கடவுளின் பராமரிப்பு வந்தது. பின்னர் அவருக்குப் பிறந்த மகன் தாவீது அரசரின் பாட்டனார் ஆனார். கசப்பு என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்ட நகோமியின் மடியில் அந்தக் குழந்தை வளர்ந்தது.

ஆகவே நோய் வந்தால் செபிப்போம், மருத்துவரிடமும் செல்வோம். தேர்வில் தோற்றால் நற்கருணைநாதர்முன் அழுவோம்; மறுநாள் புத்தகத்தையும் திறப்போம். வீட்டில் வறுமை வந்தால் ஆண்டவரிடம் முறையிடுவோம்; உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வெட்கப்படாதிருப்போம். மனத்தாங்கல் தாங்க முடியாமற்போனால், அதை உள்ளேயே பூட்டி வைக்காமல் பெற்றோரிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ, மருத்துவரிடமோ மனம்விட்டுப் பேசுவோம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அன்று. சிலுவை சுமந்த ஆண்டவரே சீரேனே ஊராராகிய சீமோனின் உதவியைப் பெற்றாரல்லவா? சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் ஆண்டுதோறும் நாம் முழந்தாளிட்டுத் தியானிப்பது இதைத்தானே!

பிறர் துயரில் நாம்

நம் துன்பத்தில் எப்படி நம்புவது என்பது ஒரு பாடம். பிறர் துன்பத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது மற்றொரு பாடம். இரண்டாவதில்தான் நாங்கள் தவறினோம். நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, போய் அருகில் உட்கார வேண்டும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்தால் போதும். எட்டாம் நாள் செய்ததைச் செய்யக் கூடாது.

இரண்டாவது, கடவுள் இதை ஏன் அனுமதித்தார் என்று அவருக்காக நாம் காரணம் கற்பிக்கக் கூடாது. அவரே யோபுவுக்குச் சொல்லாத காரணத்தை நாம் எங்கிருந்து அறிந்தோம்?

மூன்றாவது, கைவேலையாக உதவ வேண்டும். விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுக்கலாம். தம்பி தங்கையரைப் பள்ளியிலிருந்து அழைத்துவரலாம். ஒரு வேளைச் சோறு கொண்டு போகலாம்.

நான்காவது, ஒரு மாதம் கழித்தும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடக்கத்தன்று ஊரே கூடும். நாற்பதாம் நாளுக்குப் பின் வீட்டுத் திண்ணை வெறுமையாகிவிடும். அப்போதுதான் ஆள் தேவை.

ஐந்தாவது, அவளால் செபிக்க முடியாத நாளில் அவளுக்காக நாம் செபிக்க வேண்டும். முடக்குவாதமுற்ற ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்கினார்கள் அல்லவா? அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு அவர் குணமளித்தார். நடக்க இயலாதவர்களைச் சுமப்பதற்காகவே திருச்சபை என்ற குடும்பம் நமக்கு இருக்கிறது.

யோபு நூலின் முடிவைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். இழந்த ஆடுமாடுகள் அவருக்கு இரட்டிப்பாய்க் கிடைத்தன. மீண்டும் ஏழு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் பிறந்தார்கள். ஆண் மக்களின் பெயர்களைச் சொல்லாத அந்நூல், பெண் மக்கள் மூவரின் பெயர்களையும் தருகிறது; சகோதரர்களோடு அவர்களுக்கும் தந்தை சொத்தில் பங்கு கொடுத்தார் என்றும் கூறுகிறது. துன்பத்தை அனுபவித்தறிந்த தந்தை, அக்கால வழக்கத்தையும் மீறி இரக்கமுள்ளவராக மாறினார் என்று எண்ணத் தோன்றுகிறது. இருந்தாலும் முன்பு இறந்த பத்துப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. புதிய மகிழ்ச்சி பழைய வெற்றிடத்தை அழிப்பதில்லை. இறந்தோரை மீண்டும் காண்போம் என்னும் உறுதியை நமக்குத் தருவது உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே. அவருடைய மகிமையான உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

இக்கட்டுரையை ஆண்டு மலருக்கு அனுப்புமுன் அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, முழுவதையும் படித்துக் காட்டினோம். அவள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாக இருந்தோம். பொறுமையாகக் கேட்டாள். தொடக்கத்தில், அவள் விசுவாசத்தை இழந்துவிட்டதாக நாங்கள் பேசிக்கொண்ட வரி வந்தபோது எங்களை நிறுத்தினாள். "அதை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஆனால் நான் விசுவாசத்தை இழக்கவில்லை என்றும் எழுதிவிடுங்கள். அப்போது எனக்கு ஆண்டவர்மேல் கோபம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் போனேன்" என்றாள். அவள் செபிப்பதை நிறுத்திவிட்டாள் என்று நாங்கள் நினைத்த நாட்களில், எங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தவள் அவளே!

இப்போது அவள் மதிய வேளையில் சிற்றாலயத்துக்கு வருகிறாள். கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். சில நாள் பாடுகிறாள். சில நாள் பாடுவதில்லை. எங்களில் ஒருத்தி எப்போதும் அவள் பக்கத்தில் அமர்ந்துகொள்கிறோம், ஒன்றும் பேசுவதில்லை.

தோழியரே! நம் ஒவ்வொருவர் வாழ்விலும் புயல் ஒருநாள் வரும். அன்று நமக்குக் காரணம் விளங்காமல் போகலாம். கேட்டது கிடைக்காமல் போகலாம். கண்ணீர் நிற்காமல் போகலாம். ஆனால் படகில் நாம் தனியாக இல்லை. அழுதுகொண்டாவது, கோபித்துக்கொண்டாவது அவரை எழுப்புவோம். அருகில் இருப்பவள் நடுங்கினால் அவள் கையைப் பிடித்துக்கொள்வோம். கடலையும் காற்றையும் அடக்க வல்லவர் நம்மைக் கரை சேர்ப்பார். துயருற்றோர்க்குத் தேற்றரவான அன்னை மரியாள் நமக்காக வேண்டிக்கொள்வாராக!